ஏழு முட்கள்

முள் என்றதும் மட்டக்களப்பார்க்கு முதலில் நினைவுக்கு வருவது மீன் முள்ளாகத்தான் இருக்கும். நான் எழுதப் புகுந்ததோ வேறு முள்ளைப் பற்றி. உழவு இயந்திரத்தின் பின்னால் நெல் ஏற்றும் பெட்டியைக் கொழுவுகிறோமல்லவா? அப்போது பெட்டியின் பின்விளக்குகளுக்கு மின்சாரம் போவதற்கென்று ஒரு சிறு இணைப்பையும் மாட்டுகிறோம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தப் பிளக்கிலே பித்தளையாலான ஏழு முட்கள் உண்டு. கராஜில் அவற்றைப் 'பின்' என்பார்கள். இடப்பக்கம் திரும்புவதை அறிவிக்க ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று, பிறேக் விளக்குக்கு ஒன்று, சிவப்புப் பின்விளக்குகளுக்கு இரண்டு, எல்லா மின்சாரமும் திரும்பிச் செல்ல ஒன்று, வேறொரு விளக்கு வேண்டுமானால் அதற்கு ஒன்று. பத்து நிமிடத்தில் படித்துவிடக்கூடிய இந்தப் பாடத்தை நான் கற்பதற்கு ஒரு மாணவனின் கால் முறிய வேண்டியிருந்தது.

எங்கள் வயல் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் இருக்கிறது. வீடு எழுவான்கரையில், ஆரையம்பதிப் பக்கம். இடையிலே வாவி. மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை 'பாதை'யில் ஏறித்தான் அக்கரை சேர்வோம். அந்நாளில், பொழுது சாய்ந்தபின் நெல் கொண்டுவருவதை எவரும் விரும்பமாட்டார். பாலம் வந்தபின் எந்நேரமும் போய்வரலாம் என்றாயிற்று. அதனால் இருட்டிலே வண்டியோட்டும் பழக்கமும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் பெட்டிக்குப் பின்விளக்கு எரிந்தாலென்ன, எரியாவிட்டாலென்ன என்று இருந்துவிட்ட அண்ணனும், பாலம் வந்த பிறகு விளக்கு வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்.

எங்கள் வீடு நிற்கும் நிலம் ஒரு நீண்ட மணல்திட்டு. கிழக்கே கடல், மேற்கே வாவி. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவியிலும் கடல்நீர் கலந்தே இருக்கிறது. எப்பக்கத்துக் காற்று வீசினாலும் அதில் உப்பு உண்டு. யன்னல் கொளுக்கியும், சைக்கிள் சங்கிலியும், பள்ளிக்கூடத்து மணியின் நாக்கும் துருப்பிடிப்பதை இங்கே எவரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. மாரிகாலத்தில் அடுக்களைச் சாடியிலுள்ள உப்பு தானாகவே கசிவதைப் பெண்கள் அறிவார்கள். காற்றிலுள்ள ஈரத்தை உப்புத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. பித்தளை முள்ளின்மீது படிந்த உப்பும் அதையே செய்கிறது. மழைத்துளி ஒன்றுகூட விழவேண்டியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து மழையில் பின்விளக்குகள் ஒருநாள் எரிந்து மறுநாள் அணையத் தொடங்கின. "நீதானே படிப்பிக்கிறவன், என்னெண்டு பாரன்" என்றார் அண்ணன். நான் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிப்பவன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். பிளக்கைச் சொக்கற்றில் மாட்டியபடியே வைத்து, மேலே பொலித்தீனைச் சுற்றி, பழைய சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டி இறுக்கிக் கட்டினேன். கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளை இருந்தது. அதனாலும் நீர் ஏறுமே என்று மெழுகை உருக்கி அதையும் அடைத்தேன். அன்று மாலை விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அண்ணிக்குக்கூட அழைத்துக் காட்டினேன்.

பெரும்போக வேளாண்மை வெட்டு மாசியில் நடந்தது. ஒருநாள் மூடைகளை ஏற்றி முடிக்கவே இருட்டிவிட்டது. புறப்படுமுன் பின்னால் போய்ப் பார்த்தேன். விளக்குகள் எரிந்தன. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் பாலத்தை நெருங்கும் வழியில் குண்டும் குழியுமாய்க் கிடந்த ஓரிடத்தில் பெட்டி குலுங்கியது. அந்தக் குலுக்கலில் அவை அணைந்திருக்க வேண்டும். முன்னால் இருப்பவனுக்குப் பின்விளக்கு அணைந்தது எப்படித் தெரியும்? சிறிது நேரத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் இருட்டோடு இருட்டாய் நின்ற பெட்டியில் மோதி வீழ்ந்து கிடந்தான். கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். உயர்தர வகுப்பில் என் முன்வரிசையில் இருந்து படிக்கும் மாணவன்!

கால் எலும்பு இரண்டிடங்களில் முறிந்திருந்தது. உயிருக்கு மோசமில்லை என்று வைத்தியர் சொன்னபின்னரே எனக்கு மூச்சு வந்தது. அவனுடைய தாயார் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. அந்த மௌனம்தான் பெரிய தண்டனையாக இருந்தது. மறுநாள் அவன் கட்டிலில் படுத்தபடி கேட்டான்: "சேர், லைட் ஒண்டும் எரியல்லயே, ஏன்?" குற்றஞ்சாட்டும் குரல் அல்ல அது. வகுப்பில் சந்தேகம் கேட்கும் குரல்.

அவனுக்கு விடை சொல்வதற்காகவே அந்தக் கட்டை அவிழ்த்தேன். பொலித்தீனின் உட்புறம் முத்து முத்தாய் வியர்த்திருந்தது. பிளக்கைக் கழற்றியபோது அடைபட்ட துளையின்மேல் அரைக் கரண்டி தண்ணீர் தேங்கி நின்றது. சிவப்பு விளக்குகளுக்குரிய இரு முட்களும் பச்சைக் களிம்பேறி, எலி கடித்ததுபோல் மெலிந்திருந்தன. அவை சொக்கற்றில் பட்டும் படாமலும் நின்றிருக்கின்றன. மின்சாரம் திரும்பிச் செல்லும் முள் மட்டும் ஏறக்குறைய நலமாக இருந்தது.

வெட்கத்தோடு சொல்லுகிறேன்: இதைத்தான் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் வரைந்து கற்பிக்கிறேன். உப்புநீரில் இரு உலோகங்களை வைத்து நேரோட்டத்தைச் செலுத்தினால் நேர்முனையிலுள்ள செம்பு கரைந்துபோகும். அதன் பெயர் மின்பகுப்பு. பற்றறியின் 12 வோல்ற்று அதற்குத் தாராளம். இரவில் விளக்கைப் போட்ட ஒவ்வொரு வேளையும் அந்த முட்கள் தம்மைத் தாமே தின்றிருக்கின்றன. செம்பிற் களிம்பைச் சைவ சித்தாந்திகள் உயிரைப் பற்றிய மலத்துக்கு உவமை கூறுவர். அது வெளியிலிருந்து வந்ததன்று, உடன்பிறந்தது என்பார்கள். இந்தக் களிம்பின் வரலாறு வேறு. இதை வருவித்தவன் நான்.

நீர் எப்படி உள்ளே போயிற்று? நான் அதை வெளியே நிறுத்திவிட்டதாகவல்லவா நினைத்தேன்! பகல் வெயிலில் பிளக்கினுள்ளிருக்கும் காற்றுச் சூடேறி விரிந்து, வயரின் இடுக்கால் வெளியேறுகிறது. மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது வாவிக்கரையின் ஈரக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஈரம் குளிர்ந்த பித்தளையில் துளியாகிறது. அது வடிந்து போவதற்கென்று செய்தவர்கள் வைத்த வழி அந்தச் சிறு துளை. அதைத்தான் நான் மெழுகால் அடைத்திருந்தேன். புதுப் பிளக்கு மாட்டித்தந்த கராஜ்காரர் சிரித்துக்கொண்டே, "ஈரம் வாறத நிப்பாட்ட ஏலா சேர், அது போறத்துக்கு வழிய விடுங்க" என்றார்.

பிறகு அவரிடம் அரைநாள் உட்கார்ந்து வேலையைக் கற்றேன். முதலில் பற்றறியின் வயரைக் கழற்றிவிட வேண்டும். முட்களையும் அவை செருகும் குழிகளையும் மெல்லிய அரத்தாளால் மினுங்கும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். வயருக்குள்ளே செம்பு கறுத்திருந்தால் செம்மையாகத் தெரியும் இடம் வரைக்கும் வெட்டித்தான் ஆகவேண்டும். மேலுறைக்குள் ஈரம் வெகுதூரம் ஊர்ந்து போய்விடும். எங்களுடையதில் ஒரு சாண் வெட்டினோம். சொக்கற்றின் வாய் நிலத்தை நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும், அதன் மூடியின் வில்லும் இரப்பர் வளையமும் பழுதில்லாதிருக்கவேண்டும். வயர் பிளக்கைச் சேருமுன் கீழே தொங்கி வளைந்து ஏறினால், அதன்மேல் ஓடும் மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். முட்களில் சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாய்ப் பூசலாம். கிடைக்காவிட்டால் வாசலின் போதும். கிறீஸ் மின்சாரத்தைக் கடத்தாதே என்று நான் வாதிட்டேன். முள் இறுக்கமாகச் செருகும்போது கிறீஸ் விலகி உலோகம் உலோகத்தைத் தொடும், சுற்றியுள்ள இடத்தை மட்டும் அது காக்கும் என்று அவர் செய்து காட்டினார். பெட்டியைக் கழற்றி நிறுத்தும் நாட்களில் பிளக்கை மண்ணில் போடாமல், கூரையின் கீழே வாய் கீழாகத் தொங்கவிடவேண்டும். முன்பெல்லாம் கோழிகள் அதைக் கொத்திக்கொண்டிருக்கும்.

அவுஸ்திரேலியாவிலிருக்கும் என் மைத்துனரிடம் தொலைபேசியில் இக்கதையைச் சொன்னேன். அங்கே படுக்கையும் அடுக்களையும் கொண்ட சிறு வீட்டையே காரின் பின்னே கட்டி இழுத்துக்கொண்டு உல்லாசப் பயணம் போகிறார்களாம். அவரிடமும் ஒன்று உண்டு. "கடற்கரையில் இரண்டு கிழமை நின்றால் எங்களுக்கும் இதே வியாதிதான்" என்றார். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் போட்டால் களிம்பு பிடிப்பது குறையும் என்ற யோசனை அவருடையது. விலைதான் சற்று அதிகம். அதனிலும் மலிவான ஒன்றை அண்ணன் செய்தார். பெட்டியின் பின்பலகையில் இரண்டு சிவப்பு ஒளிதெறிப்பான்களை அறைந்துவிட்டார். அவற்றுக்கு முள்ளும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பின்னால் வருபவனின் வெளிச்சம் பட்டாலே மின்னும். அன்றைக்கு அவை இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் ஓயவில்லை.

மாணவன் ஒரு தவணைப் படிப்பை இழந்தான். மாலைதோறும் நான் அவன் வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். மின்பகுப்பை மட்டும் அவன் எனக்குச் சொன்னான்! இப்போது இலேசாக நொண்டி நடக்கிறான். வேளாண்மை வெட்டுக் காலத்தில் விடுமுறைக்கு வந்தால் வயலுக்கும் வருவான். பொழுது சாய்ந்து மூடை ஏற்றியானதும் பெட்டியின் பின்னால் போய் நின்றுகொள்வான். நான் இயந்திரத்தில் ஏறி ஒவ்வொன்றாய்ப் போடுவேன். "இடது சரி சேர்... வலது சரி... பிறேக்கைப் பிடிங்க..." என்று அவன் குரல் வரும். பின்பு பெட்டியைக் கையால் உலுக்கிப் பார்ப்பான். போன மாசியில் ஒருநாள் அப்படி உலுக்கிவிட்டு, "வலப்பக்கச் சிவப்பு கொஞ்சம் மங்குது சேர்" என்றான். அண்ணன் நேரமாகிறதே என்று முணுமுணுத்தார். நாங்கள் இறங்கி மூடியைத் திறந்தோம்.