ஏழடி அகலத்தில் ஒரு வீடு

பர்மிங்காம்காரர்களிடம் நீங்கள் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பத்தாவது நிமிஷம் ஒரு தகவல் வந்து விழும். 'வெனிஸைவிட எங்க ஊர்ல கால்வாய் நீளம் ஜாஸ்தி, தெரியுமோ?' தெரியாது என்று சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார்கள். வெனிஸில் படகுக்காரர் பாட்டுப் பாடுவார். இங்கே கரி ஏற்றினார்கள். மற்றபடி இரண்டும் தண்ணீர்தான்.

2024 செப்டம்பரில் அந்த ஊரில் பத்து நாள் இருந்தேன். பெரியப்பா மகன் செல்லி ஓக் பகுதியில் குடியிருக்கிறார். போய் இறங்கி பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

"டேய், நீ பி.காம். தானே? பக்கத்து வீட்டுப் பெரியவர் படகை விக்கப் போறாராம். வரவு செலவு எழுதித் தரணுமாம். உன்னைத்தான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் அண்ணன்.

பி.காம். படித்தவனுக்கு உலகம் முழுக்க இதே கதிதான். ஊரில் கல்யாண வீட்டு மொய் நோட்டு. இங்கிலாந்தில் படகு நோட்டு.

பெரியவருக்கு எழுபத்தேழு வயது. அண்ணன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எனக்கு நாக்கு வரவில்லை, 'சார்' என்றேன். 'யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, தொடர்ந்து கூப்பிடுங்க' என்றார். (அவருடைய பர்மிங்காம் இங்கிலீஷை நம்ம பாஷையில் தருகிறேன்.)

* * *

படகுக்கு 'நேரோபோட்' என்று பெயர். 57 அடி நீளம், 6 அடி 10 அங்குலம் அகலம். நம் ரயில் பெட்டியை நெடுக்காகப் பாதியாகப் பிளந்து தண்ணீரில் விட்டால் எப்படி இருக்கும்? அப்படி. உள்ளே சமையல் மேடை, கரி அடுப்பு, சோபா, குளியலறை, கட்டில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்னால் நகர வேண்டும்.

அண்ணி சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டா எங்க போய்க் கோவிச்சுக்கறது?"

"கூரை மேல" என்றார் பெரியவர்.

ஏன் இந்த ஒல்லி உடம்பு என்று கேட்டேன். காரணம் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற இன்ஜினீயர். 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுபோகக் கால்வாய் திறந்தார்கள். ஊரில் கரி விலை ஏறத்தாழ பாதியாக இறங்கியது. உடனே ஆளாளுக்குக் கம்பெனி ஆரம்பித்து வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அடுத்து வந்த கால்வாய்களில் தண்ணீரையும் செலவையும் மிச்சம் பிடிக்க, படகு ஏறி இறங்கும் 'லாக்'குகளை ஏழடி அகலத்துக்குக் கட்டினார் பிரிண்ட்லி. அன்று அவர் போட்ட அளவு, இன்று அண்ணிக்குக் கோபித்துக்கொள்ள இடமில்லை.

அகலம் குறைவென்றாலும் அந்தக் காலத்து எழுபது அடிச் சரக்குப் படகு 25 டன் தாங்கும். கரையோரம் ஒரே ஒரு குதிரை நடந்து இழுத்துவிடும்.

* * *

ஊர் நடுவில் காஸ் ஸ்ட்ரீட் பேசின் என்ற இடத்திலிருந்துதான் புறப்பட்டோம். கிளம்புமுன் அங்கே ஒரு குறுகிய கல் மேடையைக் காட்டினார் பெரியவர். பெயர் வொர்செஸ்டர் பார்.

பர்மிங்காம் கால்வாய் ஒரு கம்பெனி. வொர்செஸ்டர் கால்வாய் இன்னொரு கம்பெனி. 'எங்க தண்ணி உங்க பக்கம் வரக்கூடாது' என்று பர்மிங்காம்காரர்கள் பிடிவாதம் பிடிக்க, இரண்டுக்கும் நடுவே ஏழடித் தடுப்பு. படகு தாண்ட முடியாது. சரக்கை இந்தப் படகிலிருந்து இறக்கி, தடுப்பின் மேல் சுமந்து, அந்தப் படகில் ஏற்றினார்கள். 1815-ல் நடுவே ஒரு லாக் வைக்கும்வரை இதே கூத்து. காவிரியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. இருபது வருஷத்தில் தீர்த்துக்கொண்டார்களே, அதுதான் ஆச்சரியம்.

எங்களோடு ஒரு இளம் ஜோடியும் ஏறியது. அந்தப் பெண் ஆஸ்பத்திரி நர்ஸ், பையன் எலக்ட்ரீஷியன். படகை வாங்கிக் குடியேற நினைப்பவர்கள். வாடகை வீட்டுக்குக் கொடுத்தே ஓய்ந்துபோனவர்கள். ஓட்டிப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களைவிட நாலாயிரம் பவுண்டு அதிகம் தர இன்னொருவர் தயார். அவர் படகை ஓட்டப் போவதில்லை. ஓரிடத்தில் நிரந்தரமாகக் கட்டிப்போட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கு ரூமாக வாடகைக்கு விடப்போகிறார். யாருக்குக் கொடுப்பது? என் நோட்டுக்கு அதனால்தான் கிராக்கி.

பெரியவர் பையனிடம் சுக்கான் பிடியைக் கொடுத்தார். இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும். பையன் திணறினான். இடது என்று சொல்லி வலது போகும் ஆட்களை நம்ம ஊரில் நிறையப் பார்த்ததால் எனக்குச் சுலபமாகவே புரிந்தது. வேகம் மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக்கூடாது. கரையில் நாயோடு நடந்த ஒரு பாட்டி எங்களை ஓவர்டேக் செய்தார்.

* * *

நான் நோட்டை விரித்தேன்.

லைசென்ஸ், வருஷத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல். 2012 முதல் கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் 'கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ். நாலு வருஷத்துக்கு ஒரு தரம் பாதுகாப்புச் சர்ட்டிபிகேட். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் தண்ணீரிலிருந்து தூக்கி, அடிப்பாகம் துருப்பிடிக்காமல் தார் பூச வேண்டும். டீசல், கேஸ் சிலிண்டர், அடுப்புக்கரி. கக்கூஸ் டப்பாவைக் கையாலேயே தூக்கிப்போய்க் காலி செய்ய வேண்டும். அதற்கு நோட்டில் தலைப்புக் கிடைக்கவில்லை.

சொந்தமாக நிறுத்துமிடம் எடுத்தால் தனி வாடகை. இல்லையென்றால் 1995-ம் வருஷத்துச் சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நிறுத்துமிடம் இல்லாத இவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் லைசென்ஸில் கூடுதல் கட்டணம் வேறு. பழைய படகின் விலையோ வருஷத்துக்கு வருஷம் இறங்கும். வீடு மாதிரி ஏறாது.

"கடைசி வரியில என்ன வருது?" என்று எட்டிப் பார்த்தார் பெரியவர்.

"நஷ்டம் சார்."

"அப்ப சரியாத்தான் போட்டிருக்கீங்க."

* * *

நஷ்டம் என்று தெரிந்தும் முப்பது வருஷம் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் பிறந்ததே படகில். அப்பா என்ஜின் படகை ஓட்ட, பின்னால் கயிற்றில் வரும் என்ஜின் இல்லாத 'பட்டி' படகை அம்மா ஓட்டுவாராம். வார்விக்ஷயர் கரியை லண்டன் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோவார்கள். பின்கோடியில் பத்தடிக்கு ஏழடி அறை. அதற்குள் குடும்பமே சமைத்து, சாப்பிட்டு, தூங்கியது. கதவிலும் வாளியிலும் ரோஜாப்பூவும் கோட்டையுமாக வர்ணம் அடித்திருப்பார்கள். இப்படிப்பட்ட அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1877-லேயே சட்டம் வந்தது. ஜார்ஜ் ஸ்மித் என்பவர் போராடிக் கொண்டுவந்தது.

"குழந்தைல என்னைக் கூரைமேல புகைபோக்கியோட கட்டி வெச்சிருப்பாங்க. தண்ணில விழாம இருக்க" என்றார்.

"ஸ்கூல்?"

"ஒரு ஊர்ல 'ஏ' சொல்லிக்குடுப்பாங்க. 'பி' சொல்றதுக்குள்ள படகு கிளம்பிடும்."

1962 டிசம்பர் கடைசியில் கால்வாய் உறைந்தது. 1963 மார்ச் வரை சரியாக இளகவில்லை. படகுகள் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டு நின்றன. சரக்கு லாரிக்கு மாறியது, திரும்பி வரவில்லை. இவருக்கு அப்போது பதினைந்து வயது. பனி விட்டதும் அப்பா படகைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அம்மா வீட்டு மாடிப்படி ஏறப் பயந்து ஒரு மாதம் கீழேயே படுத்தாராம். அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து டீ போடப் போய்விட்டார்.

* * *

காட்பரி சாக்லேட் தொழிற்சாலை இருக்கும் போர்ன்வில்லைத் தாண்டினால் கிங்ஸ் நார்ட்டன். ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாய் இங்கே இடதுபுறம் பிரிகிறது. பெரியவர் என்ஜினை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் கை காட்டினார்.

"கொஞ்ச தூரத்துல லிஃபோர்ட் லேன். கால்வாய்களைக் காப்பாத்தின சண்டை அங்கதான் நடந்தது."

அந்தக் கால்வாய் ரயில்வே கம்பெனியின் சொத்து. லிஃபோர்டில் படகு வந்தால் தூக்கும் பாலம் ஒன்று பழுதாக, கம்பெனி அதைத் தூக்க முடியாத தாழ்ந்த பாலமாக வைத்துவிட்டது. யார் படகு ஓட்டுகிறார்கள், கேட்க? விஷயம் பிரபுக்கள் சபைக்குப் போனது. 'படகு வருவதாக நோட்டீஸ் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் பாலத்தைத் தூக்குவோம்' என்று பதில் வந்தது. எவன் கொடுக்கப் போகிறான் என்ற தைரியம். கொடுத்தார் ஒருவர். டாம் ரோல்ட். 1947 மே மாதம் தன் 'கிரெஸ்ஸி' படகோடு வந்து நின்றார். ரயில்வே ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்க, அடியில் உரசிக்கொண்டு கிரெஸ்ஸி வெளியே வந்தது.

அதே கால்வாயின் தென்பாதியை 1958-ல் கவுன்டி கவுன்சில் மூடப் பார்த்தது. மூன்று வருஷமாக ஒரு படகும் போகவில்லை என்பது வாதம். சிறு துடுப்புப் படகில் போன யாரோ, கட்டணம் கட்டிய தேதி போட்ட ரசீதை எடுத்து நீட்டினார்கள். வாதம் படுத்துவிட்டது. தொண்டர்களும் ராணுவ வீரர்களும் கைதிகளும்கூடச் சேறு வாரி, 1964-ல் ராஜமாதா வந்து திறந்து வைத்தார். ஒரு துண்டு ரசீது ஒரு கால்வாயைக் காப்பாற்றிய கதையைக் கேட்டு, காமர்ஸ் படித்ததற்காக வாழ்க்கையில் முதல் முறையாகப் பெருமைப்பட்டேன்.

"பாருங்க, கேட்டாதான் தூக்குவாங்க. கேக்கற ஆள் இல்லேன்னா அது கால்வாய் இல்லை, சாக்கடை" என்றார் பெரியவர்.

எனக்குப் பக்கிங்காம் கால்வாய் ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் போன தடம். மெட்ராஸில் பறக்கும் ரயிலுக்காக அதற்குள் தூண் நட்டபோது, வழிவிடச் சொல்லிக் கேட்க அங்கே படகு மிச்சமில்லை.

* * *

கிங்ஸ் நார்ட்டனைத் தாண்டியதும் வாஸ்ட் ஹில்ஸ் சுரங்கம், இரண்டரை கிலோமீட்டர். அரை மணி நேரம் கும்மிருட்டு, தலையில் சொட்டுத் தண்ணீர். அண்ணி கந்தசஷ்டி கவசத்தை ஆரம்பித்து முடித்தும் வெளிச்சம் வரவில்லை.

சாயங்காலம் டார்டபிக். இங்கே கால்வாய் மலையிறங்குகிறது. வரிசையாக 30 லாக்குகள். பிரிட்டனிலேயே நீண்ட வரிசை இதுதான். லாக் என்பது தண்ணீர்ப் படிக்கட்டு. படகு உள்ளே வந்ததும் பின் கதவைச் சாத்தி, முன்பக்க மதகைத் திறந்தால் தண்ணீர் வடிந்து படகும் இறங்கும். ஒவ்வொரு தடவையும் லட்சம் லிட்டருக்கு மேல் செலவு. மோட்டார் கிடையாது. இரும்புக் கைப்பிடியால் மதகைச் சுழற்ற வேண்டும், முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ள வேண்டும். எங்கள் படகை மேலே கட்டிவிட்டு, முன்னால் போன படகுக்கு ஒத்தாசைக்குப் போனோம். இரண்டாவது கதவிலேயே எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நர்ஸ் பெண் ஆறு கதவு தள்ளினாள்.

பெரியவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வலது தோள் ஆபரேஷன் ஆனது, தூக்க முடியாது. விற்பதற்குக் காரணமும் அதுதான்.

மேல் லாக் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கிரெஸ்ஸி இங்கேதான் யுத்த காலத்தில் கட்டியிருந்தது. கால்வாய் வாழ்க்கை பற்றி ரோல்ட் எழுதிய புத்தகம் 1944-ல் வந்தது. அதைப் படித்துவிட்டு ராபர்ட் ஐக்மன் என்பவர் 1945-ல் தேடிக்கொண்டு வந்தார். இருவரும் இந்தப் படகில் பேசிய பேச்சிலிருந்து 1946-ல் கால்வாய்ப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. 1951-ல் ரோல்ட்டையே சங்கத்திலிருந்து நீக்கினார்கள். சங்கம் என்றால் எல்லா ஊரிலும் சங்கம்தான். ஆனால் 2,000 மைல் நீர்வழி இன்று அந்த அறக்கட்டளையின் பொறுப்பில் உயிரோடு இருக்கிறது.

திரும்புகிற வழியில் பெரியவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். யாருக்கு விற்கலாம் என்ற இடத்தில், அதிகம் தருபவருக்கே என்று எழுதியிருந்தேன். கணக்கு வேறென்ன சொல்லும்?

ஊருக்கு வந்து மூன்று வாரம் கழித்து அண்ணன் போன் செய்தார். "நர்ஸ் பொண்ணுக்கே குடுத்துட்டார்டா. ஒரே கண்டிஷன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது டார்டபிக் முப்பதும் இறங்கி ஏறணுமாம். சாவியோட ஒரு பிஸ்கட் டின்னும் குடுத்தார். உள்ள முப்பது வருஷ லைசென்ஸ் ரசீது."

நாலாயிரம் பவுண்டு வித்தியாசத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்தேன். எங்கள் பாடத்தில் 'குட்வில்' என்று ஒரு கணக்கு உண்டு. அதில் போட்டு நோட்டை மூடிவிட்டேன்.