நந்தியாவட்டைப் புழுவும் அதை வளர்ப்பவர்களும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பூஜைக்குப் பூப்பறிக்க ஒரு நந்தியாவட்டையாவது நிற்கிறது. அதன் தளிரில் அரளிப் பருந்து அந்துப்பூச்சி வெளிர்பச்சை முட்டைகளை இடுகிறது. பொரிந்து வளரும் பச்சைப் புழுவுக்கு வாலில் ஒரு கொம்பு, தலைக்குப் பின்னால் கண்போல இரண்டு நீலப் பொட்டு. அதைக் கண்டதும் மருந்து தெளிப்பானைத் தேடுபவர்களே அதிகம். பெட்டியில் வைத்து வளர்த்துப் பறக்கவிடும் சிலரும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. புழு வளர்ப்பின் பெரும்பகுதி இலையை அறிவதுதான்.

தேர்ந்த கைக்காரர்கள் பெரிய புழுவை விட்டுவிட்டு முட்டையைத்தான் தேடுகிறார்கள். வெளியில் வளர்ந்த புழுவுக்குள் ஒட்டுண்ணிக் குளவியோ ஈயோ ஏற்கெனவே குடியேறியிருக்கலாம். புழு பெருத்ததும் வலை மூடிய பெட்டிக்கு மாற்றுகிறார்கள். கிளையைத் தண்ணீர்ப் புட்டியில் செருகி, புழு இறங்கி மூழ்காதபடி வாயைப் பஞ்சால் அடைக்கிறார்கள். எச்சத்தை அன்றாடம் கொட்டாவிட்டால் சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். தோலுரிக்கப்போகும் புழு தின்பதை நிறுத்தி அசையாமல் ஒட்டிக்கிடக்கும். நோய் என்று நினைத்து அப்போது பிடுங்கினால் தோல் கழலாமல் செத்துப்போகும். முற்றிய புழு பழுப்பேறி, கிளையைவிட்டு இறங்கி அலையத் தொடங்கும்போது சருகும் ஈரத் தென்னைநார்க் கழிவும் வேண்டும். பூச்சி வெளிவந்ததும் ஏறித் தொங்க ஒரு குச்சி இல்லையென்றால், சிறகு விரியாமல் சுருங்கியே காய்ந்துவிடும்.

இத்தனை பக்குவமும் இலை கெட்டால் வீண். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பட்டு வளர்ப்போருக்கு இது தெரிந்த பாடம்: இளம்புழுவுக்குக் கொழுந்து, வளர்ந்த புழுவுக்கு முற்றிய இலை, மருந்தடித்த மல்பெரியில் உரிய நாள் கழியும்வரை கைவைப்பதில்லை. அமெரிக்காவில் ஆய்வுக்கும் வளர்ப்புப் பல்லிகளின் தீனிக்கும் பெருக்கப்படும் புகையிலைக் கொம்புப்புழு செயற்கை உணவில் வளர்ந்தால் நீலமாகிவிடுகிறது. இலை தரும் மஞ்சள் நிறமி கிடைக்காமல், உடலிலுள்ள நீலப் புரதம் மட்டும் தெரிவதே காரணம். நம் ஊரில் இலையால் வரும் கேடு வேறு வகை. இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்து செடியின் சாற்றில் கலந்து வாரக்கணக்கில் தங்கும், கழுவினாலும் போகாது. அதனால்தான் புதிதாக வாங்கிய தொட்டிச் செடியை நம்பாமல், மருந்து படாத பழைய வேலியோரச் செடியில் இலை பறிக்கிறார்கள்.

பயிரைத் தின்னும் பூச்சியைப் பெருக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மண்டையோட்டுப் பருந்து அந்துப்பூச்சியின் புழு எள்ளையும் கத்தரியையும் தின்னும். அந்தப் பயிர்கள் அருகில் இருந்தால் அதை வளர்த்துவிடக் கூடாது. நந்தியாவட்டைப் புழு அவற்றின் பக்கம் போவதில்லை. அது மொட்டையடித்த செடியும் மறுபடி துளிர்க்கும். இந்தியாவில் இல்லாத புகையிலைக் கொம்புப்புழுவை வரவழைக்க நினைப்பது மட்டும் மன்னிக்க முடியாதது. அது தக்காளிக்கு எதிரி. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி அனுமதியின்றி உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்யவும் முடியாது. நந்தியாவட்டைப் புழு தின்னும் அரளி நச்சுச் செடியாயிற்றே என்ற அச்சமும் சரியானது. இலை வெட்டியதும் கை கழுவ வேண்டும், பெட்டி குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. குளவியின் பங்கை நாம் பறிக்கிறோம் என்பாரும் உண்டு. சில முட்டைகளை மட்டும் எடுத்தால் குளவி பட்டினி கிடக்காது. தெளிப்பான்தான் புழு, குளவி இரண்டையும் சேர்த்துக் கொல்கிறது. பூச்சியால் பயனும் உண்டு. மரமல்லியின் நீண்ட குழல் கொண்ட வெள்ளைப் பூ இரவில் விரிவது பருந்து அந்துப்பூச்சிகளின் நீண்ட உறிஞ்சுகுழலுக்கு ஏற்றது. கென்யாவில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியாக நிற்கும் பப்பாளிக்கு முதன்மை மகரந்தக் கடத்திகள் பருந்து அந்துப்பூச்சிகளே என்று கண்டிருக்கிறார்கள்.

கார்வார் பகுதியில் வன அதிகாரியாக இருந்த டி. ஆர். பெல், புழுக்களை வளர்த்துப் பார்த்து எழுதிய குறிப்புகளே, அவரும் எஃப். பி. ஸ்காட்டும் சேர்ந்து 1937-இல் வெளியிட்ட இந்தியப் பருந்து அந்துப்பூச்சி நூலுக்கு உயிர். நம் புறநகர்களுக்கும் அத்தகைய குறிப்புகள் வேண்டும். வளர்ப்பவர்கள் எந்தச் செடி, எந்தத் தெரு, முட்டை கண்ட தேதி, பூச்சி பறந்த தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். வளர்க்காதவர்கள் நந்தியாவட்டை இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்காமல் விடுங்கள்.