கோலக் கெடாக் கோட்டை

கோட்டை என்றதும் நம் மாணவர் நினைவில் எழுவன செஞ்சியும் வேலூரும். ஆங்கில வரலாறு பயின்றோர்க்கு, முதலாம் எட்வர்ட் மன்னன் 1283இல் வேல்சு நாட்டில் கட்டத் தொடங்கிய கெர்னார்வன் கோட்டையும் தோன்றலாம். கெடா ஆறு கடலொடு கலக்குமிடத்தில் நிற்கும் செங்கற் கோட்டையை நினைப்பார் அரியர். லங்காவிக்குப் படகேறுவோர் எதிர்க்கரையில் அதனைக் கண்டும் காணாமலே செல்கின்றனர்.

பிரிட்டானியப் பிரபுவுக்குக் கோட்டையே குடியிருப்பு. கெடா அரச குடும்பத்துக்கோ இஃது ஆற்றின் வாயிற்கதவு மட்டுமே. அரண்மனை உள்நாட்டில், அலோர் ஸ்டாரில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த இம்மதிலை மட்டும் நம்பிச் சயாமை எதிர்க்க இயலாது என்பதைச் சுல்தான் அப்துல்லா முக்கர்ரம் ஷா நன்கறிவார். ஆகவேதான் 1786இல் பினாங்கைப் பிரான்சிஸ் லைட்டிடம் விட்டார். சயாம் தாக்கினால் ஆங்கிலேயர் துணைவருவர் என்பது அவர் எதிர்பார்ப்பு. 1791இல் எழுதப்பட்ட உடன்படிக்கையிலோ அவ்வுறுதி இடம்பெறவே இல்லை. வணிகர் எழுத்து அப்படித்தான்!

1821 நவம்பரில் சயாமியப் படை ஆற்றுவாயில் புகுந்தது, கோட்டை வீழ்ந்தது. ஆங்கிலேயர் அசையவில்லை. அப்துல்லாவின் மைந்தர் சுல்தான் அகமது தாஜுத்தீன் ஹலிம் ஷா அடைக்கலம் தேடிச் சென்ற இடம், தந்தை கொடுத்த அதே பினாங்கு! அவர் 1842இல் அரியணைக்கு மீண்டபோது, பெர்லிஸ் அவர் ஆட்சியில் இல்லை.