குதிரைக்கு ஒரு காணி

மாளிகாவத்தையில் எங்கள் வீட்டுச் சுவரில், சுவாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில், நெடுங்காலமாக ஓர் இரும்புத் தேய்ப்பான் தொங்கிக்கொண்டிருந்தது. வரிவரியாகப் பல் வைத்த அக்கருவியால் குதிரையின் உடம்பைத் தேய்த்து அழுக்குப் போக்குவார்கள். வீட்டிலோ குதிரை இல்லை. எட்டுப் பேர் படுத்தெழும்பிய அந்த இரண்டு அறைகளில் ஒரு கோழி வளர்க்கக்கூட இடமிருந்ததில்லை.

அது என் தந்தையாருடையது. கறுவாத்தோட்டத்தில் 1893இல் அமைந்த கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில், பதினாறு வயதிலே குதிரைக்காரப் பையனாகச் சேர்ந்தவர் அவர். 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசு பந்தயத்தை நிறுத்தியது. பணம் கட்டித் தோற்றவர்களின் வீடுகளில் அன்று நிம்மதிப் பெருமூச்சு எழுந்திருக்கும். அதில் நான் குறை காணவில்லை. ஆனால் குதிரை தேய்த்தவர்களின் சம்பளமும் அதனோடு நின்றது. தந்தையார் மாளிகாவத்தை ரயில் யார்டில் பெட்டி கழுவப் போனார். "ஒரு துண்டுக் காணி, ஒரு குதிரை. ஓடுவதற்கல்ல, சும்மா நின்று புல் மேய்வதற்கு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சிரிப்போம்.

நான் ஓய்வு பெற்றுச் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்த அன்று, அந்தச் சிரிப்பு என்னை உறுத்தத் தொடங்கியது. விஷயத்தை வீட்டில் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? பிள்ளையின்ர படிப்புக்கு வைச்ச காசெல்லே இது?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. மூன்று நாள் பேச்சுவார்த்தையின் பின், பாதி மகளின் படிப்புக்கு, பாதி காணிக்கு என்று முடிவாயிற்று. என் பாதி தொலைந்தால் மறு பாதியைத் தொடுவதில்லை என்று சத்தியமும் செய்துகொடுத்தேன்.

குதிரை வாங்கப் புறப்பட்ட தமிழருள் பெயர் பெற்றவர் வாதவூரர். பாண்டியன் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையிற் கோயிற்பணிக்குச் செலவிட்டுவிட்டு நின்ற அவருக்காக நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவர இறைவன் இருந்தான். சேமலாப நிதிக்காரனுக்கு அந்த வசதி கிடையாது.

மனைவி புங்குடுதீவுக்காரி. ஓர் ஆவணியில் அவளுடைய ஊருக்குச் சென்றிருந்தபோது, குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குப் போனேன். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கியவை என்று சொல்லப்படும் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. முருகைக்கல்லாற் கட்டிய பழைய குதிரை லாயத்தின் தூண்களும் நிற்கின்றன. இரண்டு குட்டிகளை வாங்கிவரலாம் என்பது என் எண்ணம். அவற்றைத் தீவுக்கு வெளியே கொண்டுபோகத் தடையுண்டு என்பதை அங்கே போய்த்தான் அறிந்தேன்! வற்றிய குளமொன்றின் நடுவே ஏழெட்டுக் குதிரைகள், விலா எலும்பு தெரிய, சேற்றை முகர்ந்துகொண்டு நின்றன. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, காணியை நல்ல மாதத்தில பாராதையும். கெட்ட மாதத்தில போய்ப் பாரும்" என்றார்.

கேட்டேன், மறந்தேன். அடுத்த தை மாதம் சிலாபத்துக்கு அப்பால் கடலோரமாய் இரண்டு ஏக்கர் தென்னங்காணியைத் தரகர் காட்டினார். மழை விட்டுப் புல் முழங்காலளவு நின்றது. கிணற்று நீர் இளநீர் போலிருந்தது. அங்கேயே முற்பணம் கொடுத்துவிட்டேன். பங்காளி ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து கையெழுத்திட வேண்டியிருந்ததால், நொத்தாரிசிடம் உறுதி முடிக்க மாதங்கள் சென்றன. அத்தாமதத்தை அப்போது சபித்தேன்.

ஆவணியில் மனைவியையும் அழைத்துச் சென்றேன். அவள் புல்லையும் பார்க்கவில்லை, வேலியையும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, ஒரு கை வாயில் விட்டு, துப்பினாள். "உப்பு" என்றாள். தீவில் நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்து வளர்ந்தவளின் நாக்கு அது. நடுத்தரக் குதிரை ஒன்று நாளொன்றுக்கு 30 முதல் 40 லீற்றர் வரை குடிக்கும். வெயிற் காலத்தில் அதற்கும் மேல். முற்பணம் திரும்பவில்லை. வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாயிருந்திருக்கும்.

அதன் பிறகு தேடல் அவள் கைக்கு மாறிற்று. நுவரெலியாவின் குளிரும் புல்லும் குதிரைக்கு உகந்தவை. 1875இல் தோன்றிய பந்தயத் திடலும் அங்கே உண்டு. விலைதான் எங்களைக் கும்பிட்டு அனுப்பிவிட்டது. குருநாகல் மாவட்டத்தில், எத்தனையோ கிணறுகளை ருசி பார்த்தபின், குளியாப்பிட்டிக்கு அண்மையில் ஒன்றேமுக்கால் ஏக்கரை அவள் ஒப்புக்கொண்டாள். அதுவும் ஒரு புரட்டாதி வெயிலில்.

வாங்கியபின் கற்றவை பல. வேலியெங்கும் கிளிரிசீடியா என்னும் சீமைக்கிளுவை நின்றது. ஆடும் மாடும் அதைத் தின்னும். குதிரைக்கோ அது நஞ்சு. வேரோடு பிடுங்கி மரச் சட்டம் அடித்தோம். முட்கம்பி கூடாது, மிரண்டால் காலைக் கிழித்துக்கொள்ளும். தேங்காய் விழும் மரங்களின் கீழே குதிரையைக் கட்டவும் கூடாது.

குதிரை கூட்டத்துப் பிராணி. தனியே நின்றால் ஏங்கும். ஆகவே இரண்டு வந்தன. ஓட்டம் முடிந்த பெண்குதிரை ஒன்று. நுவரெலியா ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சுமந்து கிழடான மட்டக்குதிரை மற்றது. வந்த மறுநாளே அயல்வீட்டுப் பெண்மணி அன்போடு ஒரு சட்டி சோறு கொண்டுவந்தார். பாண்டிநாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரியாமல் சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள் என்று 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியது எனக்கு நினைவுக்கு வந்தது. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஒவ்வாத தீனி குடலிலேயே தங்கிக் கொன்றுவிடும். சோற்றை நான் சாப்பிட்டேன்.

அன்று மாலை தேய்ப்பானை எடுத்தேன். சுவரில் அது தொங்கிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது என்று மகள் சொன்னாள். துருவை மணலால் தேய்த்துப் போக்கியிருந்தேன். கழுத்தில் வைத்ததும் பெண்குதிரை திடுக்கிட்டு விலகியது. சிறு வயதில் தந்தையார் என் முதுகிலே காட்டித் தந்தபடி, வட்டம் வட்டமாக, அழுத்தாமல் தேய்த்தேன். சற்று நேரத்தில் அதன் கீழுதடு தொங்கிற்று. கண் பாதி மூடிற்று. தன் பாரத்தை என்மேல் சாய்த்தது. எனக்குக் கண் மறைத்தது. நல்லவேளை, மனைவி கிணற்றடியில் நின்றாள்.

மூன்றாவது வாளியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு அவள் வந்து, "இன்னும் கேக்குது. நிண்டு கொஞ்சாமல் போய் அள்ளுங்கோ" என்றாள்.