மாத்திரை

தமிழிலக்கணம் பயில்வோர்க்கு மாத்திரை என்னும் சொல் புதிதன்று. இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும் கைவிரல் நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என வகுத்தனர் தொல்காப்பியர். அளவு என்னும் பொருளுடைய அச்சொல்லே நாம் விழுங்கும் மருந்திற்கும் பெயராய் வழங்குகின்றது. 1843-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கிடன் என்னும் ஓவியர், பென்சிற் கரியையும் மருந்துப் பொடியையும் அச்சிலிட்டு அழுத்தி வில்லையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று தொழிற்சாலைகள் ஒவ்வொரு வில்லையிலும் மருந்தின் அளவு மாறாவண்ணம் அரிதின் முயன்று காக்கின்றன. இல்லத்தில் நாம் அவ்வளவை எத்துணை எளிதிற் குலைத்துவிடுகின்றோம் என்பதை எனக்கு உணர்த்தியது என் பாட்டியாருடைய தகரப் பெட்டியே.

அப்பெட்டி சமையலறையில் அடுப்பின் மேலிருந்த மாடத்தில் வீற்றிருந்தது. வெப்பமும் நீராவியும் மருந்திற்குப் பகையாவன. ஆஸ்பிரின் ஈரத்திற் சிதைந்து காடி மணம் வீசுமென்பதை வேதியியல் மாணவர் அறிவர். நெஞ்சுவலிக்கு நாவின்கீழ் இடும் நைட்ரோகிளிசரின் மாத்திரையோ, தனக்குரிய கண்ணாடிக் குப்பியினின்று வேறு டப்பாவிற்கு மாற்றப்படின் வீரியம் இழந்துவிடும்.

பெட்டியின் உள்ளே கண்டது அதனினும் அச்சந் தந்தது. மாத்திரை அட்டைகள் கத்தரியால் துண்டிக்கப்பட்டு, மருந்தின் பெயரும் காலாவதி நாளும் அற்றுக் கிடந்தன. பாட்டியார்க்கு நெடுநாளாக முடக்குவாதம். அதற்கென மருத்துவர் அளித்த மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் உண்ணற்பாலது. அதன் தீங்கைத் தணிக்கும் ஃபோலிக் அமிலமோ பிற நாள்களில் உண்பது. இரண்டும் மஞ்சள் நிறச் சிறு வில்லைகள். இரண்டும் ஒரே பெட்டியிற் கலந்திருந்தன! வாயெல்லாம் புண்ணாயிற்று என்று அவர் சில நாளாகக் கூறிவந்ததை வெற்றிலைச் சுண்ணாம்பின் குற்றமென்றே வீட்டார் கருதியிருந்தனர். எஞ்சிய வில்லைகளை எண்ணிப் பார்த்தபொழுது, வாரத்து மருந்தை அவர் அவ்வாரத்தில் மூன்று நாள் உண்டிருந்தமை புலனாயிற்று. அம்மருந்து மிகின் எலும்பு மஜ்ஜையிற் குருதியணுக்கள் பிறத்தல் குன்றும், உயிரிழந்தோரும் உளர். அன்று மாலையே மருத்துவமனை சென்றோம். மருத்துவர் மருந்தை நிறுத்தி, குருதியைச் சோதித்து, மாற்று மருந்தும் அளித்தார். இறையருளால் அணுக்கள் சிறிதே குறைந்திருந்தன.

பின்னர் அம்மருந்தை மீண்டும் தொடங்குங்கால், ஞாயிறு ஆலயத்தினின்று திரும்பியவுடன் உண்ணுமாறு நாள் குறித்தோம். "மருந்துக்கும் நாள் நட்சத்திரமா, ஐயா?" என்று பாட்டியார் நகைத்தார். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரண்டாக விழுங்குவதும் அவர் வழக்கம். விட்ட கடனை அடைப்பதாக எண்ணம்! அதனை விடுவிக்கவே அரும்பாடு பட்டோம். நெடுநேரம் சிறுகச் சிறுகக் கரையுமாறு செய்யப்பட்ட இரத்த அழுத்த மாத்திரையை அவர் பொடித்துத் தேனிற் குழைத்தலும் உண்டு. ஒருநாள் முழுமைக்கும் உரிய மருந்து ஒருங்கே உடலிற் கலந்துவிடுமென்று கூறிய பின்னரே நிறுத்தினார்.

இப்பொழுது முழு அட்டைகளே வாங்குகின்றோம். வாரத்து மருந்திற்குத் தனி டப்பா. அதன்மேல் பெரிய எழுத்தில் 'ஞாயிறு மட்டும்'. அது படுக்கையறையில் உலர்ந்த அலமாரியின் மேற்றட்டிற் பூட்டுடன் உள்ளது. மூன்று வயதுத் தம்பிக்குச் சர்க்கரைப் பூச்சிட்ட சிவந்த இரும்புச்சத்து மாத்திரையும் மிட்டாயே அன்றோ! ஞாயிறுதோறும் விடுதியினின்று தொலைபேசியில் அழைக்கின்றேன். நான் வினவுமுன்னரே பாட்டியார், எஞ்சிய வில்லைகள் எத்தனை என்பதை எண்ணிச் சொல்லிவிடுகின்றார்.