சீட்டின் மூலையிலுள்ள கையொப்பம்

டாரோ என்றவுடன் எதிர்காலம் உரைப்போரின் மங்கலான அறையும் மெழுகுதிரி ஒளியுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்களின் மாளிகைகளிலே தோன்றியபோதோ அது வெறும் விளையாட்டுச் சீட்டாகவே இருந்தது. பேரரசன், துறவி, மரணம், சூரியன் முதலாய சித்திரங்கள் ஏனைய சீட்டுகளை வெட்டும் துரும்புகள்; அவ்வளவே. 1781இல் கூர் த ஜெபெலின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இச்சித்திரங்கள் பண்டைய எகிப்தியரின் மறைநூலே என்று எழுதினார். எகிப்திய எழுத்தின் புதிரை ஷம்போல்லியோன் அவிழ்த்தது 1822இலேயே. படிக்க எவருமில்லாத எழுத்தைப் பற்றி எதனையும் துணிந்து கூறலாமன்றோ! அக்கூற்று ஆதாரமற்றதெனினும் அதன் மயக்கம் இன்றுவரை தெளிந்தபாடில்லை.

இம்மயக்கத்தின் வழிவந்தவர்தாம் ஆர்தர் எட்வேட் வெயிற். மறைஞானக் கழகமொன்றின் உறுப்பினரான அவர், தாம் உண்மையெனக் கருதிய குறியீடுகளைத் தாங்கிய புதிய சீட்டுக்கட்டொன்றை வெளியிட விரும்பி, அதே கழகத்தைச் சேர்ந்த பமெலா கொல்மன் சிமித் என்னும் ஓவியரிடம் அப்பணியை ஒப்படைத்தார். 1909 டிசெம்பரில் இலண்டனில் வில்லியம் றைடர் நிறுவனத்தினர் அதனை வெளியிட்டனர். வெளியிட்டவரின் பெயரும் வகுத்தவரின் பெயரும் சேர்ந்து ‘றைடர் - வெயிற்’ என்பதே அதன் பெயராய் நிலைத்தது. எழுபத்தெட்டுச் சீட்டுகளையும் வரைந்தவரின் பெயருக்கு அங்கு இடமில்லை.

அமெரிக்கப் பெற்றோருக்கு 1878இல் இலண்டனிற் பிறந்த சிமித், சிறுமியாய் இருக்கையிலேயே குடும்பத்துடன் யமேக்காவுக்குப் பெயர்ந்தார். மேற்காபிரிக்காவின் அக்கான் மக்கள் அடிமைகளாய்க் கடல் கடந்தபோது தம்முடன் கொண்டுசென்ற அனன்சி என்னும் சிலந்தியின் கதைகளை அவர் அங்கே கேட்டார். 1899இல் அவற்றை எழுதிச் சித்திரங்களுடன் நூலாக்கினார். பின்னர் இலண்டனின் நாடக அரங்குகளோடும் அவருக்கு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது. கதைசொல்லியின் கண்ணும் அரங்கமைப்பாளரின் கையும் ஒருவரிடத்தே கூடியிருந்தன. அச்சீட்டுகள் பலவற்றில் மாந்தர் ஒரு மேடையில் நிற்பது போலவும், பின்னாலுள்ள மலையும் நகரும் தொங்கவிடப்பட்ட திரைச்சீலை போலவும் காட்சி தருவது தற்செயலன்று.

மந்திரவாதியின் தலைமேல் கிடக்கும் முடிவிலிக் குறி, பெண் குருவின் இருமருங்கும் நிற்கும் கறுப்பு வெள்ளைத் தூண்கள், பள்ளத்தின் விளிம்பில் வானத்தைப் பார்த்து நடக்கும் பேதை ஆகியவற்றை விளக்க நூல்கள் பல உள. அவை வெயிற்றின் கல்விப் பெருக்கைக் காட்டுவன. அவற்றை அறிய அகராதி வேண்டும். கோல், கிண்ணம், வாள், நாணயம் என நால்வகைப்படும் எஞ்சிய ஐம்பத்தாறு சீட்டுகளின் நிலை வேறு. அவற்றுள் எண்சீட்டுகள் நாற்பது. முந்திய கட்டுகள் பெரும்பாலானவற்றில் ஆறு வாள் என்றால் ஆறு வாள்களின் கோலமே இருக்கும். பதினைந்தாம் நூற்றாண்டின் சோலா புஸ்கா என்னும் இத்தாலியக் கட்டு இதற்கு அரிய விதிவிலக்கு. அதன் புகைப்படங்கள் 1907இல் பிரித்தானிய நூதனசாலையை வந்தடைந்தன. மூன்று வாள்கள் துளைத்த இதயம் இரண்டு கட்டுகளிலும் இருத்தலால், சிமித் அவற்றைப் பார்த்திருப்பார் என்று கொள்வதிற் பிழையில்லை. ஆயினும் எண் ஒவ்வொன்றையும் ஒரு மனித நிலையாக்கிய துணிவு அவருடையதே.

ஆறு வாள் சீட்டைச் சற்று நின்று நோக்குக. போர்த்து மூடிய ஒரு பெண், அருகே ஒரு குழந்தை, பின்னே படகோட்டி. மூவரும் நமக்கு முதுகு காட்டியே செல்கின்றனர். படகின் முன்புறத்தில் ஆறு வாள்கள் குத்தி நிற்கின்றன. வாள்களைப் பிடுங்கினால் படகினுள் நீர் புகும். பிடுங்காவிடில் பாரம் குறையாது. எதை விட்டு எங்குச் செல்கின்றனர் என்பதைச் சீட்டுக் கூறவில்லை. கரை பெயர்ந்த அனுபவம் உடையோருக்கு அது கூறவும் வேண்டியதில்லை. ஐந்து நாணயம் இதனினும் கொடிது. வெளிச்சமுள்ள தேவாலய வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் கீழே, பனியிலே, வெறுங்காலுடன் ஒருத்தியும் ஊன்றுகோலுடன் ஒருவனும் நடந்து செல்கின்றனர். சாளரத்தை வரைந்த ஓவியர் கதவை வரையவில்லை. இவற்றைக் கொண்டு நாளை நடப்பதை அறியலாம் என்பது நம்பத்தக்கதன்று. ஆனால் தன் துயருக்கு உருவம் தேடி வருபவர் இப்படங்களிலே அதனைக் கண்டுகொள்வதில் வியப்பில்லை. சோதிடம் பொய்யென்பதால் ஓவியமும் பொய்யாகிவிடாது.

1909 நவம்பரில், தம் ஓவியங்களை நியூயோர்க்கிலே காட்சிப்படுத்திய ஸ்டீக்லிட்ஸ் என்பாருக்கு எழுதிய கடிதத்தில், பெரியதொரு வேலையை மிகச் சொற்பக் காசுக்கு முடித்துக் கொடுத்ததாகச் சிமித் குறிப்பிட்டார். வெயிற்றோ 1938இல் வெளிவந்த தம் நினைவு நூலிலே, சில சீட்டுகளின் பொருளைத் தாமே அவருக்குப் பக்குவமாகப் புகட்ட வேண்டியிருந்ததென எழுதினார். புகட்டியவற்றில் ஆறு வாளோ ஐந்து நாணயமோ இல்லை.

1911இல் கத்தோலிக்கரான சிமித், பின்னர் இங்கிலாந்தின் கோண்வால் கரைக்குச் சென்று வாழ்ந்தார். 1951 செத்தெம்பரில் பியூட் என்னும் ஊரில் காலமானபோது கடனே மிஞ்சியிருந்தது. அதனைத் தீர்க்க அவருடைய உடைமைகள் விற்கப்பட்டன. கல்லறை இருந்த இடம் தெரியாது. 2009இல் வெளியான நூற்றாண்டுப் பதிப்பு ‘சிமித் - வெயிற்’ என அவர் பெயரை முதலில் வைத்தது. அதற்கு முன்னும் சீட்டுகளை உற்றுப் பார்த்தவர்கள், பாம்புபோல் நெளிந்து பின்னிய அவருடைய மூன்று முதலெழுத்துகளைப் படத்தின் மூலையிலே கண்டிருப்பர்.