வெயிட்டிங்கும் சேர்த்துத்தான் வாடகை

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பஸ் அடிக்கடி உண்டு, திருப்பாதிரிப்புலியூரில் ரயிலும் ஏறலாம். போய்ச் சேருவது மட்டுமே வேலை என்றால் கார் வைப்பது தண்டச் செலவு. கார் எடுப்பதே வழியில் நிற்பதற்குத்தான். இதை ஏறுவதற்கு முன்பே டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் சிதம்பரம் கீழ வீதியில் நிறுத்தி, "வந்தாச்சு சார்" என்பார். வேகமாகக் கொண்டுவந்து சேர்த்ததற்குப் பாராட்டுக்கூட எதிர்பார்ப்பார்.

*

வாடகைக் கணக்கு. வெளியூர் டிரிப் என்றால் ஒரு நாளைக்கு மினிமம் 250 கிலோமீட்டர் என்று டிராவல்ஸில் சொல்வார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காசு. டிராப் என்றால் ஒரு வழி மட்டும், நடுவில் நிறுத்தினால் முகம் சுளிப்பார்கள். லோக்கல் பேக்கேஜ் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர். சிதம்பரம் போய்த் திரும்பவே 90 ஆகிவிடும். பிச்சாவரம், பரங்கிப்பேட்டை என்று ஒதுங்கினால் 130ஐத் தொடும். ஆகவே 250 மினிமத்துக்குத் தலையாட்டக் கூடாது. 8 மணி நேரப் பேக்கேஜ், அதற்கு மேல் ஓடிய கிலோமீட்டருக்குத் தனி, தாண்டிய மணிக்குத் தனி என்று பேசுவதே இந்த ரூட்டுக்குப் பொருந்தும்.

பேட்டா, கொத்தட்டை டோல், பார்க்கிங் எல்லாம் இதில் சேராது. மீட்டரும் நம் வாசலில் தொடங்காது. ஷெட் டு ஷெட். நெய்வேலியில் நிற்கும் வண்டியைக் கடலூருக்கு வரவழைத்தால் அது வந்த தூரமும் போகிற தூரமும் நம் தலையில்தான்.

*

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கிறதா என்று பார்த்து ஏறவும். ஓன் போர்டு வண்டி கொஞ்சம் மலிவாக வரும், ஆனால் விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிப்பான். டி.என். 31 கடலூர் வண்டி, டி.என். 91 சிதம்பரம் வண்டி. டாக்ஸி ஓட்ட பேட்ஜ் வேண்டும் என்ற விதி 2018லேயே போய்விட்டது. இப்போது கார் லைசென்ஸ் போதும். பழைய டிரைவர்களுக்கு அதில் வருத்தம் உண்டு.

*

சொந்த வண்டி இருந்து ஓட்ட மனமில்லாதவர்களுக்கு ஆக்டிங் டிரைவர். மணிக்கணக்கில் சம்பளம், சாப்பாடு நம்முடையது. வண்டி புதுசு என்றால் அவர் முதலில் சீட்டைத் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று இரண்டு முறை மிதித்துப் பார்ப்பார். அதைச் செய்யாமல் கிளம்புகிறவரிடம் சாவி கொடுக்க யோசிக்கலாம்.

*

முதுநகர் தாண்டியதும் சிப்காட் ரசாயன ஆலைகள். டிரைவர் ஒன்றும் பேசாமல் நாலு கண்ணாடியையும் ஏற்றிவிடுவார், ஏசி போடச் சொல்லாதவர்களுக்கும் போட்டுவிடுவார். காரைக்காடு கடந்த பிறகு இறக்குவார். அங்கே குடியிருக்கிற மக்களுக்கு ஏற்றி இறக்கக் கண்ணாடி இல்லை.

*

நாலு வழிச் சாலை வந்தபின் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பெரியப்பட்டு எல்லாம் பலகையில் படிக்கிற ஊர்களாகிவிட்டன. சவுக்குத் தோப்பும் பனையும் வேகத்தில் பச்சையாகப் பின்னால் ஓடும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது எதுவும் ரோட்டின் மேல் இல்லை, எல்லாம் திரும்புகிற இடத்தில் இருக்கிறது.

பி.முட்லூரில் இடது பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் 1781 ஜூலையில் மோதியது இங்கேதான். 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதுவை நம்பி இங்கே ஆலை வைத்து, கடைசியில் நொடித்துப்போனார். இன்று கண்ணில் படுவது வெள்ளாற்று முகத்துவாரமும் படகுகளும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும். "இங்க என்ன சார் இருக்கு?" என்று கேட்கிற டிரைவரைத் திருப்ப வைப்பது கஷ்டம். அரை மணி வெயிட்டிங் என்று முன்பே பேசியிருந்தால் கேள்வி வராது.

அதே முட்லூரில் வலது பக்கம் புவனகிரி. ராகவேந்திரர் பிறந்த ஊர். வியாழக்கிழமை கூட்டம், தவிர்க்கவும்.

*

தை, மாசியில் போனால் கிராமத்து ரோட்டில் பாதி நெல்லுக்குச் சொந்தம். ஓரத்தில் கல் அடுக்கி எல்லை கட்டியிருப்பார்கள். ஓர் அம்மாள் கால்களை இழுத்து இழுத்து நடந்து நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருப்பார், ஹாரனுக்குத் திரும்ப மாட்டார். நல்ல டிரைவர் ஹாரன் அடிக்காமல் செகண்ட் கியரில் இறங்கி மண்ணில் போவார். அதற்கப்புறம் உளுந்துச் செடியைப் பரப்பும் காலம். அதன்மேல் ஏறிப் போனால்தான் அவர்களுக்குச் சந்தோஷம், காசில்லாமல் போரடித்த மாதிரி. டிரைவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். "கொடி அடியில சுத்திக்கிட்டா சைலன்சர் சூட்டுல புகைய ஆரம்பிச்சிடும் சார்" என்று அடுத்த டீக்கடையில் குனிந்து பார்ப்பார்.

*

நேரம். நடராஜர் கோயில் நடை பகல் 12 மணி வாக்கில் சாத்தினால் சாயங்காலம்தான். ஒன்பதரைக்கு மெதுவாகக் கிளம்பி வழியெல்லாம் நின்றுகொண்டு போனால் மூடிய கதவைத்தான் கும்பிடலாம். காலை 6 மணிக்குக் கிளம்பி முதலில் கோயில், பிறகு இட்லியும் கத்தரிக்காய் கொத்சும், பத்து மணிக்குள் பிச்சாவரம். ஒதுங்குவதெல்லாம் திரும்பும்போது. இரண்டு மணிக்குக் கடலூர் வந்தால் எட்டு மணி நேரக் கணக்கும் சரியாகிவிடும். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் தேர் நாட்களில் நாலு வீதிக்குள் கார் நுழையாது.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்களுக்கு இடையில் குறுகலாகப் புகும். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு திரும்பிவிடும். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். டிரைவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், 1975இல் வந்த 'இதயக்கனி' படத்தை இங்கே எடுத்ததைத்தான் சொல்வார்கள்.

*

இன்னொரு வழி: குறிஞ்சிப்பாடி, வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி. இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் கூடும். ஓட்டலில் நிறுத்தினால் டிரைவர் "நீங்க சாப்பிட்டு வாங்க சார்" என்று தனி மேசைக்குப் போய்விடுவார். கூப்பிட்டாலும் கூச்சப்படுவார். வடலூர் தருமசாலையில் அந்தப் பேச்சே இல்லை. வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு, அன்றிலிருந்து அணையவில்லை. வண்டிக்காரரும் வாடகை கொடுப்பவரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியதுதான்.

*

வடக்கே கொஞ்சம் போய்வரலாமே என்று திடீரென்று ஆசைப்பட வேண்டாம். ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டினால் சீக்கிரமே புதுச்சேரி எல்லை. டாக்ஸிக்குப் பர்மிட் வேண்டும், திரும்பும்போது டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே நாம் வைத்த பாட்டிலுக்கும் பதில் சொல்ல வேண்டியது டிரைவர்.

*

கடைசிக் கணக்கு: பேக்கேஜ், அதற்கு மேல் ஓடிய கிலோமீட்டர், தாண்டிய மணி, பேட்டா, டோல், பார்க்கிங். அதற்கு மேல் கொடுப்பது அவரவர் மனசு. ஆனால் எங்கே சொன்னாலும் திருப்பி, எவ்வளவு நேரமானாலும் போன் போட்டு விரட்டாமல் இருந்தவருக்குக் கை தாராளமாக நீள வேண்டும்.

நல்லவர் அமைந்தால் நம்பரை 'இன்னோவா', 'எர்டிகா' என்று பதியாமல் ஊர்ப் பெயரோடு பதிந்துவைக்கவும். இன்னோவாக்காரர் நாளை டிசையர் ஓட்டுவார். புவனகிரிக்காரருக்கு வெள்ளாற்றங்கரை மண்ரோடு என்றைக்கும் தெரியும். குறிஞ்சிப்பாடிக்காரரைக் கேட்டால் பெருமாள் ஏரிக் கரையில் எதுவரை வண்டி போகும் என்று கூகுளைவிடச் சரியாகச் சொல்வார்.